தாய் சி பயிற்சியில் எடைப்பந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெதுவான அசைவுகளால் ஆன சீனத் தற்காப்புக் கலையான தாய் சி வகுப்பில் சில மாதம் பழகியவர்கள் எப்படியாவது எடைப்பந்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். சீனப் பெரியவர் ஒருவர் கல் உருண்டையை வயிற்றைச் சுற்றி அலட்டிக்கொள்ளாமல் உருட்டும் காணொளி கண்ணில் பட்டிருக்கும். அடுத்த வகுப்பிலேயே “எத்தனை கிலோ வாங்கலாம்?” என்று கேட்பார்கள். அதற்கு விடை கீழே இருக்கிறது. அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய சிலவற்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

எடைப்பந்து என்றால் எது? உள்ளங்கையில் உருட்டும் இரும்புக் குண்டுகளா?

இல்லை. அவை ஹெபெய் மாகாணத்துப் பாவோடிங் நகரத்தின் பெயரால் அறியப்படும் சிறு குண்டுகள். இரண்டை ஒரே கையில் வைத்துச் சுழற்றுவார்கள், விரலுக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது. மட்டை போன்ற ஒன்றில் மணல் போட்ட சிறு பந்தை ஏந்தி ஆடும் விளையாட்டும் உண்டு. அது 1991-ல் ஷான்ஷி மாகாணத்தில் பிறந்தது. அதன் பெயரிலும் தாய் சி ஒட்டிக்கொண்டிருப்பதால் கடையில் குழப்பம் வரும்.

இந்தப் பக்கத்தில் பந்து என்பது இரண்டு கையாலும் ஏந்துவது. மனிதத் தலையளவோ அதைவிடச் சற்றுப் பெரிதோ இருக்கும். மரம், கல், ரப்பர் எதிலும் இருக்கலாம். உடற்பயிற்சிக் கடையில் ‘மெடிசின் பால்’ என்று கேட்டால் கொடுப்பதும் இந்த வேலைக்கு ஆகும்.

இது பழைய மரபா, இப்போது கிளம்பிய சரக்கா?

கருவி வைத்துப் பழகுவது பழையதுதான். ஹெனான் மாகாணத்தின் சென்ஜியாகோ கிராமத்துச் சென் குடும்பத்தார் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து வளர்த்த பாணியில், 3 மீட்டருக்கு மேல் நீளமுள்ள வெள்ளை மெழுகு மரக் கழியை இடுப்பிலிருந்து உதறும் பயிற்சி இன்றும் உண்டு. சீனத் தற்காப்புக் கலைகளில் கல்லாலும் மரத்தாலும் செய்த உருண்டைகளும் இந்த வரிசையில் வருபவை. ஆனால் உலகம் முழுக்க இன்று பூங்காக்களில் செய்வது பெரும்பாலும் 1956-ல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் தொகுத்த 24 அசைவு வரிசை. அதில் கருவியே கிடையாது. ஆகவே உங்கள் ஆசிரியர் பந்தைத் தொட்டதே இல்லை என்றால் அவருக்கு ஏதோ தெரியவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

‘ஆயிரமாண்டு ரகசியப் பந்துப் பயிற்சி’ என்று விளம்பரம் வந்தால் மட்டும் ஒதுங்கிப் போங்கள். வூடாங் மலைத் துறவி சாங் சான்ஃபெங் தாய் சியைக் கனவில் கண்டார், பாம்பும் பறவையும் சண்டையிடுவதைப் பார்த்துக் கற்றார் என்றெல்லாம் கதைகள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், பயிற்சிக்கு உதவாது.

தசை வலுவுக்குத்தானே? டம்பெல் போதாதா?

பந்து வைத்துச் சொல்லிக்கொடுக்கும் எவரும் முதலில் திருத்த வேண்டியது இந்த எண்ணத்தைத்தான். தசை வேண்டுமென்றால் டம்பெல்தான் சிக்கனமான வழி. ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று கணக்காகக் கூட்டிக்கொண்டே போகலாம். தாய் சியில் பந்தின் வேலை வேறு. நீங்கள் எங்கே ஏமாற்றுகிறீர்கள் என்று அது காட்டிக்கொடுக்கும்.

வெறுங்கையோடு வட்டம் போடும்போது இடுப்பு திரும்புகிறதா, தோள் மட்டும் வேலை செய்கிறதா என்பது செய்பவருக்கே தெரியாது. கண்ணாடியில்கூட இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். கையில் 2 கிலோ ஏறியதும் கதை மாறிவிடும். தோளால் செய்பவருக்குச் சில நிமிடத்தில் தோள் எரியும். இடுப்பால் செய்பவருக்குத் தொடை எரியும். எங்கே எரிகிறது என்று கேட்டாலே பாதி பாடம் முடிந்தது.

டம்பெல்லால் இதைச் செய்ய முடியாததற்குக் காரணம் அதன் பிடி. பிடி இருந்தால் விரல் இறுகும், விரல் இறுகினால் முன்கை இறுகும், அது தோள் வரை ஏறும். பந்துக்குப் பிடியே இல்லை. உள்ளங்கையால் அணைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். விரலை இறுக்கினால் அது சுழலாது, தளர்த்திவிட்டால் விழுந்துவிடும். ஆசிரியர்கள் வாய் ஓயாமல் சொல்லும் ‘ஸோங்’, அதாவது தொய்ந்து போகாத தளர்வு, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. இன்னொன்று, பந்து இரு கையையும் ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது. வலக்கை முந்தினால் பந்து சாய்ந்து உடனே காட்டிவிடும்.

சரி, எத்தனை கிலோ வாங்கலாம்?

முதல் பந்து 1 முதல் 2 கிலோ. வெகு காலத்துக்கு அதுவே போதும். ஓராண்டு ஒழுங்காகப் பழகிய, உடம்பில் கோளாறு இல்லாதவர் 3 கிலோவுக்குப் போகலாம். 5 கிலோவை ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் தொடுங்கள்.

“இவ்வளவுதானா?” என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. உங்கள் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோ பந்தை உடம்பின் நடுவிலிருந்து 50 செ.மீ. முன்னால் நீட்டினால் உங்களுக்கும் பந்துக்குமான பொது எடைமையம் 2.4 செ.மீ. முன்னே நகர்கிறது. 5 கிலோ என்றால் ஏறக்குறைய 4 செ.மீ. பாதத்தின் மொத்த நீளமே 25 செ.மீ. சொச்சம்தான். அந்த நகர்வை ஈடுகட்ட இடுப்பு பின்னே உட்கார வேண்டும். பழக்கமில்லாதவர் இடுப்பை விட்டுவிட்டு முதுகை வளைத்துத் தொப்பையை முன்னே தள்ளுவார். தப்பான பழக்கம் அங்கேதான் விதைபடுகிறது. பந்து கனமாக ஆக அந்தப் பழக்கம் ஆழமாக ஊறிப்போகும்.

எடை கூட்டலாமா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. கையிலிருக்கும் பந்தோடு 20 வட்டம் மெதுவாகப் போடுங்கள். மூச்சுச் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது. தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. கடைசி வட்டமும் முதல் வட்டமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் பழைய பந்தே போதும்.

மரமா, கல்லா, ரப்பரா? வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?

தொடங்குபவருக்கு ரப்பர். சொரசொரப்பாக இருக்கும், நழுவாது, விழுந்தால் தரை ஓடு பிழைக்கும். மரம் கைக்கு இதமானது, பழகப் பழகப் பிடித்துப்போகும். கடைசல் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள், ஆனால் அளவைச் சொல்லும்போது கவனம் தேவை. 20 செ.மீ. விட்டமுள்ள தேக்கு உருண்டை சுமார் 2.7 கிலோ வரும். வெறும் 5 செ.மீ. கூட்டி 25 செ.மீ. என்று சொல்லிவிட்டால் 5 கிலோவைத் தாண்டிவிடும். விட்டத்தின் மும்மடிக்கு எடை ஏறும் என்பதை மறந்துவிட்டு, பட்டறையிலிருந்து தூக்க முடியாத உருண்டையோடு வீட்டுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். கருங்கல்லில் அதே 20 செ.மீ. உருண்டை 11 கிலோ. காணொளிப் பெரியவர் கையிலிருப்பது அந்த வகை. அவர் அதற்குள் வாழ்நாளைப் போட்டிருக்கிறார்.

நன்கு உலர்ந்த மரமாகக் கேளுங்கள். நடுத்தண்டு உள்ளே இருக்கும் பச்சை மரத்தில் கடைந்தால் சில மாதத்தில் வெடிப்பு விடும். வார்னிஷ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வியர்த்த கையில் வழுக்கும்.

பழைய கூடைப்பந்தில் மணல் நிரப்பலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முழுக்க நிரப்பினால் 11 கிலோவைத் தாண்டும். பாதி நிரப்பினாலும் 5, 6 கிலோ வரும். போதாக்குறைக்கு உள்ளே மணல் நகர்ந்துகொண்டே இருக்கும், பந்து ஒவ்வொரு வட்டத்திலும் வேறு பக்கம் இழுக்கும். தேர்ந்தவருக்கு அது நல்ல சவால். புதியவருக்கு மணிக்கட்டு வலிதான் மிச்சம்.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

ஒரே ஒரு வட்டம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

வெறுங்காலோடு, தோளகலத்துக்குக் கால் வைத்து நில்லுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்துங்கள், மடக்கி உட்கார வேண்டாம். பந்தை இரு பக்கவாட்டிலும் உள்ளங்கை வைத்து நசுக்கிப் பிடிக்காதீர்கள். அப்படிப் பிடித்தால் உராய்வால் மட்டுமே அது நிற்கும். வழுக்கும் பந்தாக இருந்தால் அதன் எடையைவிட அதிகமான விசையில் ஒவ்வொரு கையும் அழுத்த வேண்டிவரும், நெஞ்சும் தோளும் கல்லாகிவிடும். கடிகார முகத்தில் 4-ம் 8-ம் இருக்கும் இடத்தில் உள்ளங்கைகளை வையுங்கள். பந்து கைமேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பந்து தொப்புளுக்குக் கீழே வயிற்றை ஒட்டித் தொடங்குகிறது. உடம்போடு ஒட்டியபடி நெஞ்சு வரை ஏறுகிறது, முன்னே போகிறது, தணிகிறது, மறுபடி வயிற்றுக்கு வருகிறது. ஏறும்போது கை தூக்கக் கூடாது. பாதம் தரையை அழுத்த, முழங்கால் ஒரு விரற்கடை நிமிர, அந்த நிமிர்வில் பந்து ஏற வேண்டும். முன்னே போகும்போது தொடை இடுப்போடு சேரும் மடிப்பு, சீனத்தில் ‘க்வா’ என்பார்கள், உள்வாங்கும், புட்டம் ஒரு அங்குலம் பின்னே உட்காரும்.

பந்து உடம்பை விட்டு அதிகத் தூரம் போயிருக்கும் அந்த இடத்தில் உங்கள் கால் விரல்களைக் கவனியுங்கள். பெருவிரல் தரையைக் கவ்வுகிறதா? நகம் வெளுக்கிறதா? அப்படியென்றால் எடை முன்பாதத்துக்கு ஓடிவிட்டது, இடுப்பு பின்னே உட்காரவில்லை. வட்டத்தைச் சிறிதாக்குங்கள். விரல்கள் சும்மா கிடக்கும் அளவு எதுவோ அதுதான் இன்றைக்கு உங்கள் வட்டம். சிலருக்கு அது ஒரு சாண்கூட இருக்காது, பரவாயில்லை.

தணியும்போது பந்தைத் தொப்பென்று விழ விடாதீர்கள். பெரும்பாலோர் ஏறுவதில்தான் கவனம் வைக்கிறார்கள். உண்மையில் இறங்குவதில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது. முழங்கை தொங்க, பந்தின் எடை முழங்கை வழியாக இடுப்புக்கும், அங்கிருந்து குதிகாலுக்கும் வடிவதை உணர முடிகிற வேகத்தில் இறக்குங்கள்.

அதற்கு அடுத்து?

அதே வட்டத்தைத் தலைகீழாகச் சுற்றலாம். வயிற்றிலிருந்து முன்னே போய், ஏறி, நெஞ்சு வழியாக இறங்குவது. இது கடினமானது, பொறுமையாகப் போங்கள். பிறகு கிடைமட்ட வட்டம், ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவது போல. இதில் முழங்கால் திருகாமல் பார்ப்பதுதான் முக்கியம். இடுப்பு திரும்பும்போது முழங்கால் பாதம் பார்க்கும் திசையிலேயே இருக்க வேண்டும். தாய் சியில் முழங்கால் கெட்டவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள், பந்து அந்தத் தப்பை இன்னும் பெரிதாக்கும்.

அடுத்தது சுருட்டல். ஒரு கை மேலே, ஒரு கை கீழே பந்தை ஏந்தி, மேற்கை கீழே போகும்படி உருட்டுவது. 24 வரிசையில் ‘காட்டுக் குதிரையின் பிடரியை வகிர்தல்’ தொடங்குவதற்கு முன் இல்லாத ஒரு பந்தை ஏந்தி நிற்பீர்களே, அதே நிலைதான். கையில் நிஜப் பந்து இருந்தால் மேல்முழங்கை தூக்கிக்கொண்டு நிற்பதும், கீழ்க்கை மணிக்கட்டு மடிந்திருப்பதும் உடனே தெரிந்துவிடும்.

மேசைமேல் பந்தை வைத்து உள்ளங்கையால் உருட்டுவதும் ஒரு நல்ல பயிற்சி. பார்ப்பதற்குச் சாதாரணமாக இருப்பதால் யாரும் செய்வதில்லை. பந்தின் எடையை மேசை தாங்கிக்கொள்வதால், உள்ளங்கை பந்தோடு ஒட்டியிருக்கிறதா, இடுப்பிலிருந்து உருளுகிறதா என்பதை மட்டும் கவனிக்கலாம்.

பந்தை வைத்துவிட்ட பிறகு ஐந்து நிமிடமாவது வெறுங்கையோடு அசைவு வரிசையைச் செய்யுங்கள். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பந்து காட்டியது உடம்பில் தங்குவது அப்போதுதான். பந்தோடு முடித்துவிட்டுக் குளிக்கப் போகிறவருக்குப் பந்து சுற்ற மட்டுமே வரும்.

மூச்சு எப்படி?

பந்து உடம்பை நோக்கி வரும்போது உள்ளே, போகும்போது வெளியே என்பது பொதுவான வழக்கம். ஆரம்பத்தில் அதைக்கூட விட்டுவிடுங்கள். மூச்சை அடக்காமல் இருந்தாலே போதும். பாரத்தோடு மூச்சடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் அடக்க முடியாது.

தினமும் எவ்வளவு நேரம்?

பத்து நிமிடம், வாரத்தில் மூன்று, நான்கு நாள். உடம்பு சூடேறிய பிறகு, களைத்துப்போகும் முன்பு.

செய்த மறுநாள் தோள் வலிக்கிறது. இயல்புதானா?

தொடையும் இடுப்பைச் சுற்றியும் வலித்தால் இயல்பு, இரண்டொரு நாளில் போகும். தோளின் மேல்பகுதி, கழுத்தடி வலித்தால் தோளால் தூக்கியிருக்கிறீர்கள். கீழ்முதுகு வலித்தால் பந்தை உங்களால் தாங்க முடியாத தூரத்துக்கு நீட்டியிருக்கிறீர்கள். உடம்பிலிருந்து 15 செ.மீ. தள்ளியிருக்கும் பந்து 45 செ.மீ.க்குப் போனால் முதுகு தாங்க வேண்டிய திருப்புவிசை மூன்று மடங்காகிறது, பந்தின் எடை மாறாமலே. ஆகவே வலித்தால் முதலில் வட்டத்தைச் சுருக்குங்கள், பிறகு எடையைக் குறையுங்கள். காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல், தோளைத் தூக்கும்போது குத்தல் இருந்தால் பந்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஏற்கெனவே கர்லாக்கட்டை சுற்றுகிறேன். இதுவும் தேவையா?

தேவை என்று சொல்ல மாட்டேன். இரண்டும் வட்டம்தான், ஆனால் உடம்பில் வேலை வேறு. கர்லாக்கட்டை வீச்சில் ஓடுவது. ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் அந்த வேகத்தை வழிநடத்துவதில்தான் தோளுக்குத் திறம் வருகிறது. பந்துக்கு வேகம் கொடுக்கக் கூடாது. வட்டத்தின் எந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாலும் நிற்க முடிய வேண்டும். கர்லாக்கட்டைக்காரர்களுக்குத் தோள் மூட்டு திறந்திருப்பது பெரிய ஆதாயம். ஆனால் எல்லாவற்றையும் வீசிவிடும் பழக்கம் தொல்லை தரும். இரண்டையும் ஒரே நாளில் செய்வதென்றால் பந்தை முதலில் செய்யுங்கள். கட்டை சுற்றி இறுகிய தோளோடு பந்தில் தளர்வைத் தேடுவது வீண் வேலை.

எழுபது வயது அம்மா கீழே விழாமலிருக்கப் பந்து உதவுமா?

தாய் சி உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2012-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு பெயர் பெற்றது. பார்க்கின்சன் நோயுள்ள 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இருமுறை, 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். உடல் நிலைகொள்ளலில் தாய் சி குழு, எடைப்பயிற்சிக் குழுவையும் தசைநீட்டல் குழுவையும் முந்தியது. விழுவதும் தசைநீட்டல் குழுவைவிடக் குறைந்தது. இதில் எடை தூக்கியது தாய் சி குழு அல்ல, மற்றக் குழு. தாய் சிக்குக் கிடைத்த நற்சான்றிதழைப் பந்தின் மேல் ஒட்டி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

அம்மாவுக்கு வெறுங்கைத் தாய் சி போதும். ஆசைப்பட்டால் மேசைமேல் உருட்டும் பயிற்சியை நாற்காலியில் உட்கார்ந்து, எடையில்லாத பந்தில் செய்யட்டும். வயதானவர் நின்றுகொண்டு பாரத்தை முன்னே நீட்டுவது, விழாமலிருக்கக் கற்பதற்குச் சரியான வழியாக எனக்குத் தோன்றவில்லை.

யாரெல்லாம் தொடவே கூடாது?

கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குடலிறக்கம், அண்மையில் வயிற்றிலோ கண்ணிலோ அறுவை, முதுகுத்தட்டுப் பிதுக்கம், எலும்புத் தேய்மானம், கர்ப்பம்: இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். தாய் சிக்கே புதியவர்களும் முதல் சில மாதம் தள்ளிப்போடலாம்.

இருவர் சேர்ந்து பந்தைத் தள்ளிப் பழகலாமா?

‘துய்ஷோ’ என்னும் கைதள்ளும் பயிற்சி தெரிந்தவர்கள் இருவர் முன்கைகளுக்கு நடுவே பந்தைத் தாங்கி வட்டம் போடுவது அருமையான விளையாட்டு. எதிராளி அழுத்தினால் தளராமலும் முட்டாமலும் தாங்கும் ‘பெங்’ என்ற நிலையைக் கை உடனே புரிந்துகொள்ளும். ஆனால் அதற்குச் சாதாரணக் கால்பந்து எடுங்கள். எடைப்பந்து நழுவினால் நான்கு பாதங்களில் ஒன்றின் மேல்தான் விழும்.

பந்தைக் கீழே வைத்ததும் கை தானாக மிதக்கிறது. இதுதான் ‘ச்சி’ என்னும் உயிராற்றலா?

பலருக்கும் அப்படித் தோன்றும், இனிமையான உணர்வு அது. ஒரு தசையைத் தொடர்ந்து சற்று நேரம் வேலை வாங்கிவிட்டு விட்டால், விட்ட பிறகும் அது தானாகச் சுருங்கும். கை தூக்குவது போலிருக்கும். 1915-ல் ஜெர்மானிய மருத்துவர் கோன்ஸ்டாம் இதை விவரித்து எழுதினார், அவர் பெயராலேயே வழங்குகிறது. வீட்டு வாசல் நிலையில் நின்று இரு புறங்கையாலும் நிலைச்சட்டத்தை அரை நிமிடம் வெளிப்புறமாகத் தள்ளிவிட்டு நகர்ந்து பாருங்கள், அதே மிதப்பு வரும். ‘ச்சி’யைப் பற்றி உங்கள் ஆசிரியர் சொல்வதை நான் மறுக்கவில்லை. இந்த மிதப்பை வைத்து முன்னேற்றத்தை அளக்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

பந்தை எப்படிப் பராமரிப்பது, எங்கே வைப்பது?

ரப்பரை ஈரத்துணியால் துடைத்தால் போதும், வெயிலில் போடாதீர்கள். மரப்பந்தைக் கழுவக் கூடாது. வியர்வையைத் துடைத்துவிட்டு, எப்போதாவது ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு தேய்த்து முழுக்க உலர விடுங்கள். குளிர்சாதன அறைக்கும் வெயில் திண்ணைக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனால் வெடிக்கும். அலமாரி மேல்தட்டில் எந்தப் பந்தையும் வைக்க வேண்டாம். தரையில், சுவரோரம், பானை வைக்கும் பிரிமணை ஒன்றின் மேல் வைத்தால் உருளாது.